குடிக்கு ஒரு குணமா?

ஒருவரை அவர் பிறந்த குடியைக் கொண்டு எடைபோடும் பழக்கம் மிகப் பழையது. கல்வியும் நகர வாழ்வும் அதனை ஒழித்துவிட்டன என்று நாம் நம்பியிருக்கும் வேளையில், அது புத்தாடை புனைந்து, கற்பனை உலகம் என்னும் பின்வாயில் வழியாக நம் இல்லங்களுக்குள் மீண்டும் புகுந்துள்ளது. அதனை அடையாளம் காட்டி மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம் தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கடையெழு வள்ளல்களின் பெயர்களை வரிசைப்படுத்த அவர் தடுமாறக்கூடும். ஆனால் வெஸ்டெரோஸ் என்னும் இல்லாத நாட்டின் குறுநிலக் குடிகளை விரல்விட்டு எண்ணுவார். அவற்றின் கொடி இது, கோட்டை இது, குலமொழி இது என்று ஒப்பிப்பார். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-இல் வெளியிடத் தொடங்கிய பெருங்கதையின் களம் அந்நாடு. 2011-க்குள் அதன் 5 தொகுதிகள் வெளிவந்தன. 2011 முதல் 2019 வரை 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் பெயரில் தொலைக்காட்சித் தொடராகவும் அது உலகெங்கும் பரவியது. இளைஞர் இதனைப் படிப்பதையோ பார்ப்பதையோ நான் கடிந்துகொள்ளவில்லை. நல்ல கதை எந்நாட்டில் தோன்றினும் படிக்கத்தக்கதே. தமிழை விட்டு அயல்மொழிக் கதையில் மூழ்குகின்றனரே என்னும் வழக்கமான புலம்பலும் என்னுடையது அன்று. என் வழக்கு வேறு.

அந்நாட்டில் பெருங்குடிகள் சில. அவற்றிற்குக் கட்டுப்பட்ட சிறுகுடிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெருங்குடி மாந்தரை ஆசிரியர் ஆற அமரத் தீட்டுகிறார். ஆதலின் அவர்களைத் தனித்தனி மனிதர்களாக நாம் அறிகிறோம். சிறுகுடியினரோ கதையில் வந்து வந்து மறைவோர். நூலின் இறுதியில் உள்ள குடிப் பட்டியலும், கேடயத்தில் எழுதிய சின்னமுமே அவர்களுக்கு முகவரி. இங்கேதான் படிப்பவர் மனம் சோம்பல் கொள்கிறது. ஃபிரே என்றால் துரோகம், போல்ட்டன் என்றால் கொடுமை, மார்மான்ட் என்றால் வீரம், கிளிகேன் என்றால் மூர்க்கம் என்று வாய்பாடு ஒன்று அமைந்துவிடுகிறது. பெயரைக் கேட்டதும் குணத்தைச் சொல்லிவிடலாம். ஆளைப் பார்க்கவே வேண்டியதில்லை. இது விளையாட்டுத்தானே என்பர். இவ்வாய்பாடு நூலுக்கும் பொருந்தாது, வாழ்வுக்கும் பொருந்தாது என்பதே என் வாதம்.

வாய்பாட்டின் முதல் வரியாகிய ஃபிரே குடியிலிருந்தே தொடங்குவோம்; இக்குடியைப் போல் வெறுக்கப்படுவது வேறில்லை. ஆற்றின் இருகரையிலும் கோட்டை கட்டி, இடையே 3 தலைமுறைக் காலம் உழைத்துப் பாலம் அமைத்து, அதனைக் கடப்போரிடம் சுங்கம் வாங்கிச் செல்வம் சேர்த்தவர்கள் இவர்கள். குடி தோன்றி 600 ஆண்டுகளே ஆயின. பல்லாயிரம் ஆண்டுப் பழைமை பேசும் அயற்குடியினர் கண்ணுக்கு இவர்கள் நேற்று வந்தவர்கள், சுங்கச்சாவடிக்காரர்கள். போர் முடிந்த பின் படையுடன் வந்தார் என்பதற்காக இக்குடியின் தலைவர் வால்டரைப் 'பிந்தி வந்த பெருமான்' என்று எள்ளி, அவ்வெள்ளலை அவர் முதுமை எய்தும் வரை அவர்மேல் ஒட்டிவைத்தனர். இத்தகைய வால்டரிடம் இளம் மன்னன் ராப் ஸ்டார்க் பாலங் கடக்க வழி கேட்டு, அதற்கு விலையாக அவர் குடிப் பெண்ணொருத்தியை மணப்பதாக வாக்களிக்கிறான். பின்னர் வேறொருத்தியை மணக்கிறான். அதற்குப் பழிதீர்க்க, உப்பும் அப்பமும் தந்து வரவேற்ற தம் வீட்டிலேயே, திருமண விருந்தின் நடுவே, விருந்தினரைக் கொன்று குவிக்கிறார் வால்டர். 2000-இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில் இந்நிகழ்ச்சி வருகிறது.

அக்கொலை மன்னிக்க இயலாதது. விருந்தோம்பலை அறத்தின் தலையாய கூறாகக் கொண்ட தமிழ் மரபில் வந்த நமக்கு அதன் கொடுமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அதனைச் செய்தவர் யார்? வால்டர் திட்டமிட்டார், அவர் மக்களிலும் பேரரிலும் சிலர் உடன் நின்றனர், போல்ட்டன் குடித் தலைவர் தம் கையாலேயே மன்னனைக் குத்தினார், லானிஸ்டர் பெருங்குடியின் தலைவர் தொலைவில் அமர்ந்து மடல்கள் வழியே அதற்கு ஊக்கமளித்தார். குற்றத்தில் மூவர்க்கும் பங்கு உண்டு. குடிக்குணம் என்னும் பழியோ ஃபிரேயின்மேல் மட்டும் முழுதாக விழுகிறது. அதே குடியில் பிறந்த மூத்த மகன் ஸ்டெவ்ரன், ராபின் பக்கம் நின்று போரில் பட்ட புண்ணால் மாண்டவன். அதே குடியில் பிறந்த ஆலிவர், அம்மன்னனின் அணுக்கப் பணியாளனாய் இருந்து உண்மையாகத் தொண்டு செய்தவன். கொலை நடந்த அவையில் அவன் இல்லை. மணமகளாக அமர்த்தப்பட்ட ராஸ்லின் அழுத அழுகையை ஆசிரியர் மறவாமல் எழுதியிருக்கிறார். இவர்களையும் 'துரோகிகள்' என்னும் ஒரே சாக்கில் கட்டிப் போடுவது, படித்ததைப் படியாமல் விட்டதற்கு ஒப்பாகும்.

இன்னும் ஒன்று. ஃபிரே குடியினர் கணக்குப் பார்ப்பவர், விலை பேசுபவர் என்பது மெய்யே. அதற்குக் காரணம் அவர்கள் குருதியில் இல்லை. அவர்கள் பாலத்தில் இருக்கிறது. இருதரப்பும் கடக்க வேண்டிய ஒரே வழி எவர் கையில் இருப்பினும், அவர் விலை பேசக் கற்றுக்கொள்வார். அப்பாலத்தை ஸ்டார்க் குடிக்குக் கொடுத்து, வடபுலத்துப் பெருங்கோட்டையை ஃபிரே குடிக்குக் கொடுத்திருந்தால், 2 தலைமுறைக்குள் வாய்பாடு தலைகீழாகியிருக்கும். வாழிடமும் தொழிலும் வளர்ப்பும் உண்டாக்கும் பழக்கத்தைப் பிறப்பின் குணம் என மயங்குவதே இவ்விடயத்தில் நேரும் முதற் பிழை.

போல்ட்டன் குடியைப் பார்ப்போம். தோலுரிக்கப்பட்ட மனிதனைக் கொடியில் எழுதிய குடி அது. அதன் தலைவர் ரூஸ் குளிர்ந்த நெஞ்சினர்; அவருக்கு மணவுறவுக்குப் புறம்பாகப் பிறந்த ராம்சேயோ கொடுமையையே விளையாட்டாகக் கொண்டவன். இதைவிடச் சான்று வேண்டுமா என்று வாய்பாட்டுக்காரர் கேட்கக்கூடும். அவர்கள் மறந்துவிடும் பெயர் ஒன்றுண்டு: டோமெரிக். ரூஸின் முறைப்படியான மகன் அவன். அமைதியானவன், குதிரையேற்றத்தில் வல்லவன், யாழ் மீட்டுவான், வரலாறுகள் படிப்பான். இளமையில் வேற்றுக் குடியினர் இல்லங்களில் வளர்ந்தவன். தனக்கு உடன்பிறந்தான் ஒருவன் உளன் என அறிந்ததும், தந்தை தடுத்தும் கேளாது, அன்பு நாடித் தேடிச் சென்றான், சென்றவன் உயிரிழந்தான். ராம்சே நஞ்சிட்டுக் கொன்றான் என்பதே தந்தையின் முடிபு. கதை தொடங்குமுன்பே இறந்துவிட்ட இவ்விளைஞனை ஆசிரியர் ஏன் படைத்தார்? கொடுமை குருதியின் வழி வருமாயின், முறைப்படியான போல்ட்டன் குருதி இவனிடமே அன்றோ இருந்தது? வாய்பாட்டுக்கு ஒவ்வாத மகனை வாய்பாட்டுக்கு ஒத்த மகன் கொன்றான். அதன் பின்னர்ப் 'போல்ட்டன்கள் எல்லாருமே இப்படித்தான்' என்று சொல்லத் தடையில்லாமற் போயிற்று. குடிக்குணம் பற்றிய பேச்சு நிலைபெறும் வழி இதுவே. மாறுபட்டு நிற்பவரை முதலில் அகற்றிவிட்டு, எஞ்சியோரைச் சான்றாகக் காட்டுவது அதன் தந்திரம்.

கிளிகேன் குடி மூன்றே தலைமுறை கண்டது. ஒரு பெருமகனுடைய நாய்க்கூடத்தின் காவலராக இருந்தவர், பெண்சிங்கத்தின் வாயிலிருந்து தம் தலைவரைக் காப்பாற்றுகையில் ஒரு காலை இழந்தார். அவருடைய மூன்று நாய்கள் மடிந்தன. அந்நன்றிக்குக் கிடைத்த நிலமும் சிறு கோபுரமுமே குடியின் தொடக்கம். மஞ்சட் புல்வெளியில் மூன்று கருநாய்களே அதன் சின்னம். பிறர் உயிர் காத்த பாட்டனாரின் தியாகம் அச்சின்னத்தில் இருக்கிறது. அவர் பேரர் இருவர். மூத்தவன் கிரெகர், விளையாட்டுப் பொம்மை ஒன்றை எடுத்தான் என்பதற்காகத் தம்பியின் முகத்தை நெருப்பில் அழுத்தியவன். இளையவன் சாண்டர், அவ்வெந்த முகத்துடன் வளர்ந்து, வீரப்பட்டம் பெற்ற அண்ணனைக் கண்டதனாலேயே அப்பட்டத்தை வெறுத்து ஒதுக்கியவன். குற்றங்கள் பல புரிந்தவனாயினும், ஆதரவற்ற சிறுமியர் இருவர்க்கு வெவ்வேறு காலத்தில் அரணாகவும் நின்றவன். ஒரே தந்தை, ஒரே கோபுரம், ஒரே கொடி. குடிக்குணம் இவ்விருவரில் எவனிடம் உள்ளது?

மார்மான்ட் குடியை எடுத்துக்கொண்டாலும் நிலை இதுவே. தந்தை ஜியோர் பதவியை மகனுக்கு விட்டுக்கொடுத்துத் துறவு போன்ற காவற்பணி பூண்டவர். மகன் ஜோராவோ தன் மனைவியின் ஆடம்பரத்துக்காகக் கடன்பட்டு, அகப்பட்ட வேட்டைத் திருடரை அடிமை வணிகனுக்கு விற்று நாட்டைவிட்டு ஓடியவன். அக்குடிப் பெண்டிர் படைக்கலம் ஏந்துவர் என்பதைக் 'கரடிக் குருதி' என்று வியப்போர் உளர். நூல் தரும் விளக்கம் அதுவன்று. ஆடவர் மீன்பிடிக்கக் கடல்மேற் செல்லும் நாள்களில் கொள்ளையர் தீவில் இறங்குவர். ஆதலால் பெண்டிர் தற்காத்துக்கொள்ளக் கற்றனர். தேவை தந்த கல்வி அது.

டார்லி குடியின் குலமொழி, போரில் முந்துவதைப் பெருமையாகக் கொண்டது. அதன் தலைவர் ராண்டில், நூலையும் இசையையும் விரும்பிய தம் மூத்த மகன் சாம்வெல்லைக் குடிக்குத் தகாதவன் என முடிவுகட்டினார்; உரிமையைத் துறந்து காவற்படையில் சேராவிடில் வேட்டையில் 'விபத்து' நேரும் என மிரட்டி வெளியேற்றினார். அம்மகனே பனிப்பேய் ஒன்றைக் கண்ணாடிக் கல்லால் குத்தி வீழ்த்துகிறான்; போரில் முந்தியோர் எவருக்கும் அதற்கு முன் வாய்க்காத செயல் அது. தம் பிள்ளையைப் பார்க்காமல் தம் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்த தந்தைக்கு அப்பிள்ளை விளங்கவே இல்லை. 'நம் குடும்பத்தில் எல்லாரும் பொறியாளர்கள், நீ மட்டும் ஏன் இப்படி?' என்று கேட்கும் தந்தையர் நம்மிடையே இல்லையா? ராண்டிலை வெறுக்கும் நாம் அவருடைய கேள்வியை மட்டும் நம் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்போல் சொந்த மண்ணைவிட்டு வந்து வாழ்வோர் குறித்துக்கொள்ள வேண்டிய குடி ஒன்று உண்டு, அது மேண்டர்லி. தென்புல வளநாட்டிலிருந்து துரத்தப்பட்டுப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வடபுலம் வந்து சேர்ந்தவர்கள். வடவேந்தர் நிலமளித்தார், வந்தவர்கள் துறைமுக நகர் ஒன்றை எழுப்பினார்கள். வடவர் மரத்தெய்வங்களை வணங்க, இவர்கள் தென்னாட்டுச் சமயத்தையே இன்றும் கைக்கொள்கின்றனர். தென்னாட்டு வீரப்பட்ட முறையையும் விடவில்லை. குடிக்குணக் கொள்கையின்படி இவர்கள் எந்நாளும் அயலார், நெருக்கடியில் நம்பத்தகாதவர்கள். நடந்ததோ வேறு. வடவேந்தர் குடி வீழ்ந்தபோது, பச்சை நிறமேற்றிய கூந்தலுடன் வில்லா என்னும் அக்குடிச் சிறுமி, பகைவர் அமர்ந்திருந்த அவையில் எழுந்து, முன்னோர் பெற்ற அடைக்கலத்தையும் தந்த வாக்கையும் உரத்து நினைவூட்டினாள். பருத்த உடலினர், கோழை என ஏளனம் செய்யப்பட்ட பாட்டனார் வைமனோ, அவளை அடக்குவதுபோல் நடித்துக்கொண்டே உள்ளூர அவ்வாக்கைக் காக்கும் வழி தேடிக்கொண்டிருந்தார். வழிபாடு வேறு, விசுவாசம் வேறு என்பதும், தன் மரபை விடாமலே வந்த மண்ணுக்கு உண்மையாய் வாழலாம் என்பதும் அக்குடி காட்டும் உண்மைகள். பிற மாநிலங்களில் தமிழ்ச் சங்கம் வைத்துப் பொங்கல் கொண்டாடும் நம்மைவிட இதனை நன்கு உணரத்தக்கோர் யார்?

மார்ட்டின் ஒருவரே இவ்வாறு எழுதினார், பிறர் எழுதிய கற்பனை உலகங்களில் குடிக்குணம் செல்லுபடியாகும் எனச் சிலர் வாதிடலாம். அவர்கள் எடுத்துக்காட்டுவது டோல்கீனை. 1937-இல் வெளிவந்த 'ஹாபிட்' கதையில், வசதியான வீட்டைவிட்டு நகராத பில்போ திடீரெனப் பயணம் புறப்படுவதற்கு, அவன் தாய்வழியாகிய டூக் குடியின் துணிகரக் குருதியே காரணம் எனக் கதைசொல்லியே கூறுகிறார். ஒப்புக்கொள்கிறேன், டோல்கீன் குடிக்குணத்தோடு விளையாடியவர்தாம். ஆனால் அவருடைய பெருங்கதை முழுதும் எச்செயலைச் சார்ந்து நிற்கிறது? கொல்ல வாய்ப்பிருந்தும் இழிந்த கொல்லம் என்னும் பிராணியைக் கொல்லாது பில்போ விட்ட இரக்கத்தைச் சார்ந்தே நிற்கிறது. அவ்விரக்கம் டூக் குடிக்கும் உரியதன்று, பேகின்ஸ் குடிக்கும் உரியதன்று, அவனுடையது.

அதே உலகில் சாக்வில்-பேகின்ஸ் குடும்பத்து லொபீலியா என்னும் மூதாட்டி வருகிறாள். பிறர் வீட்டைக் கைப்பற்றத் துடித்தவள். வெள்ளிக் கரண்டிகளைக் கவர்ந்தாள் என்னும் ஐயத்துக்கு ஆளானவள். ஊரார் அனைவருக்கும் வேம்பு. கொடுங்கோலனின் ஆள்கள் ஊரை அழிக்க வந்தபோது, இளைஞர் பலர் ஒதுங்கி நிற்க, கையிலிருந்த குடையை ஓங்கிக்கொண்டு எதிர்த்து நின்று சிறை சென்றவள் அவளே. விடுதலையானபோது ஊர் ஆரவாரித்து வரவேற்றது. அவள் வாழ்நாளில் முதன்முறையாக அவளை எவரோ விரும்பினர். ஆசைப்பட்டு அடைந்த வீட்டை உரியவனுக்கே திருப்பித் தந்தாள்; இறக்கும்போது எஞ்சிய பணத்தை வீடிழந்த ஏழைகளுக்கென விட்டுச் சென்றாள். பேராசைக் குடும்பத்தவள் என்று முத்திரை குத்தியவர்கள் அதற்கு மேல் அவளைப் பற்றி எதனையும் அறிந்திருக்கவில்லை.

எதிர்வாதம் ஒன்றைச் சந்தித்தே ஆகவேண்டும். ஆயிரக்கணக்கான மாந்தர் உலவும் கதையில் ஏதேனும் ஓர் அடையாளம் இன்றி வாசகன் எவ்வாறு நினைவிற் கொள்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போர்க்களத்தில் கேடயச் சின்னம் இருப்பது, வருபவன் எவன் என அறிதற்கே. வருபவன் நல்லவனா தீயவனா எனத் தீர்ப்பதற்கன்று. அடையாளத்தைத் தீர்ப்பாக மாற்றுவது ஆசிரியரின் வேலையன்று, நம் வேலை. அடையாளம் மாறக்கூடியது என்பதற்கும் அந்நூலிலேயே சான்றுண்டு. முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் வெங்காயமும் உப்புமீனும் கடத்திச் சென்று பட்டினி கிடந்தோரைக் காத்தவன் டேவோஸ். அதற்காக அவனுக்கு வீரப்பட்டம் கிடைத்தது. முன் செய்த கள்ளக்கடத்தலுக்காக இடக்கை விரல்களின் நுனிகள் வெட்டப்பட்டன. நன்றும் தீதும் தனித்தனியே எடைபோடப்பட்ட அத்தீர்ப்பை அவன் ஏற்றான்; தான் தொடங்கிய புதுக்குடிக்கு வெங்காயத்தையே சின்னமாக்கினான். குடிதான் மனிதனைப் படைக்கிறது என்போர்க்கு, மனிதன் குடியைப் படைத்த இக்கதையே விடை.

'எல்லாம் கற்பனைதானே, இதற்கு இவ்வளவு சினம் எதற்கு?' என்போரும் உளர். கற்பனையில் பழகிய கண்ணே தெருவிலும் பார்க்கிறது. பிறப்பால் குணம் உண்டு என்னும் எண்ணம் கதையோடு நின்றதில்லை. அது சட்டமாகவே இந்நாட்டை ஆண்டது. 1871-இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், தனிமனிதர் செய்த குற்றத்தைக் கேளாமல், முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் எனப் பதிவுசெய்தது. 1911-இல் திருத்தப்பட்ட பின் சென்னை மாகாணத்திலும் அது செயற்பட்டது. கைரேகை பதிய மறுத்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் மாய்ந்தன. விடுதலைக்குப் பின், 1952-இல்தான் அச்சட்டம் நாடு முழுதும் நீங்கியது. ஃபிரே என்றால் துரோகி என்னும் வாய்பாட்டுக்கும், இன்ன ஊரான் என்றால் திருடன் என்னும் பதிவேட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, எழுதியவர் கையில் அதிகாரம் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே.

நாமும் அவ்வாய்பாட்டின் சுவையை அறிந்தவர்களே. வடநகரங்களில் 'மதராசி' என்னும் ஒரே சொல்லில் தமிழரும் மலையாளியரும் தெலுங்கரும் கன்னடரும் கரைந்துபோன காலத்தை நம் பெற்றோர் கண்டனர். 1960-களின் இறுதியில் பம்பாயில் தென்னிந்தியர் வேலையைப் பறிக்க வந்தவர்கள் எனப் பழிக்கப்பட்டு, இழிமொழிக்கும் தாக்குதலுக்கும் உள்ளாயினர். தனித்தனியே நாம் யார், என்ன செய்தோம் என எவரும் கேட்கவில்லை; பெயரைக் கேட்டதும் குணத்தைச் சொல்லிவிட்டனர். அன்று வெகுண்ட நாம், இன்று நம் மண விளம்பரங்களிலும், வாடகை வீடு பேசும்போதும், வேலைக்கு ஆள் வைக்கும்போதும் 'அவர்கள் அப்படிப்பட்டவர்கள்' என்று சொல்லத் தயங்குகிறோமா? பிறர் நம்மேல் எழுதிய வாய்பாட்டைக் கிழித்துவிட்டு, நாம் பிறர்மேல் எழுதிய வாய்பாட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நேர்மையாகாது.

குறுநிலக் குடிகளைப் பற்றிய நம் பழைய சான்று ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. பாரி வேளிர் குலத்தவன். அவன் மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் மணம் வேண்டிச் சென்ற இடங்களுள் ஒன்று இருங்கோவேளின் அவை. இருங்கோவேளும் வேளிர் குலத்தவனே. 49 தலைமுறை ஆண்ட தொன்மையுடையோர் வழிவந்தவன் எனப் புறநானூறு கூறும் பெருமைக்குரியவன். தன்னிடமுள்ள அனைத்தையும் ஈந்தவன் பாரி. தந்தையிழந்த மகளிரை ஏலாது மறுத்தவன் இருங்கோவேள். 49 தலைமுறை குலப்பெருமையால் அவனுக்கு அந்நாளில் ஈகையைக் கற்பிக்க இயலவில்லை. கபிலர் அவன் முன்னோரைக் குறிப்பிட்டது உண்மை. ஆயினும் முன்னோரில் ஒருவர் புலவரை இகழ்ந்ததன் விளைவை எச்சரிக்கையாகவே சொன்னார். நீ வேறு வழி தேர்ந்துகொள்ளலாம் என்று கருதாதவர் எவரும் எச்சரிக்கை செய்யமாட்டார். குடி ஒரு தொடக்கம், தேர்வு அவரவருடையது.

ஆதலின், பெற்றோரிடம் என் வேண்டுகோள் இது. பிள்ளைகள் கையிலிருந்து அந்நூல்களைப் பிடுங்காதீர்கள், உடனமர்ந்து படியுங்கள். 'ஃபிரேக்கள் துரோகிகள்' என்று அவர்கள் சொல்லும்போது, 'எந்த ஃபிரே?' என்று கேளுங்கள். 'போல்ட்டன்கள் கொடியவர்கள்' எனும்போது, டோமெரிக் என்று ஒருவன் இருந்தானே என நினைவூட்டுங்கள். எந்தக் குடியில் பிறந்தால் உனக்குப் பிடிக்கும் என வினவும் விளையாட்டு வந்தால், நீ எக்குடியைத் தொடங்குவாய், அதற்கு எதனைச் சின்னமாக வைப்பாய் என்று கேட்டுப் பாருங்கள். பின்னர், அண்டை வீட்டாரைப் பற்றியோ, மணம் பேச வந்த குடும்பத்தைப் பற்றியோ, நீங்கள் 'அவர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, அப்பிள்ளைகள் 'அவர்களில் யார்?' என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். அக்கேள்விக்குச் சினவாமல் விடை சொல்லுங்கள்.